ஃபாங்ஜி வேர்ப்பொடியில் தெரியும் அந்தப் பெரிய உச்சம் என்ன?

வணக்கம். ஃபாங்ஜி என்ற சீன மூலிகையின் வேர்ப்பொடியைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) வரைபடத்தில், அதில் இருக்க வேண்டிய டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டின் உச்சம் மிகச் சிறியதாகவும், அதன் பின்னால் பெயர் தெரியாத ஓர் உச்சம் பெரியதாகவும் வருவதாக எழுதியிருந்தீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சான அரிஸ்டோலோகிக் அமிலமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். டெட்ராண்ட்ரின் உள்ள ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவின் வேரும் இந்த அமிலம் உள்ள அரிஸ்டோலோகியா ஃபாங்ச்சியின் வேரும் சீனச் சந்தையில் ஃபாங்ஜி என்ற பொதுப்பெயரையே பகிர்ந்துகொண்டவை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்ததற்கு முன்னதற்குப் பதிலாகப் பின்னது கலந்ததே காரணமாகக் கண்டறியப்பட்டது.

உங்கள் கருவியில் டையோடு வரிசை உணரி (பல அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளக்கும் பகுதி) இருந்தால் அந்த உச்சத்தை 390 நானோமீட்டரில் பாருங்கள். அரிஸ்டோலோகிக் அமிலம் அங்கே ஒளியை உறிஞ்சும், டெட்ராண்ட்ரின் உறிஞ்சாது. பிறகு தூய தரப்பொருளின் வெளிவரும் நேரத்தோடு ஒப்பிட்டு, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் இந்த அமிலத்தோடு அம்மோனியம் சேர்ந்த, நிறை எண் 359 உள்ள அயனி 298 ஆகச் சிதைகிறதா என்று உறுதிசெய்யுங்கள். டெட்ராண்ட்ரின் காரத்தன்மை உடையது என்பதால், குழாய் வழியே ஓடும் நகர்கரைசலில் ட்ரைஎத்திலமின் போன்ற ஒன்றைச் சேர்க்காவிட்டால் சி18 வகைப் பிரிப்புக் குழாயில் அதன் உச்சம் வால்நீண்டு தாழ்ந்துவிடக்கூடும்; ஆகவே உயரத்தை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். (நிறை நிறமாலைமானிக்கு அனுப்பும்போது மட்டும் ட்ரைஎத்திலமினைத் தவிர்த்துவிடுங்கள்; அது கருவியை விட்டு எளிதில் போகாது.) முடிவு தெரியும்வரை மீதமுள்ள பொடியை யாரும் உட்கொள்ளாமல் தனியே பூட்டி வையுங்கள்.