மான் டிரெய்லரில் என்னவெல்லாம் வருகிறது? – கேள்வி பதில்

டெக்ஸாஸில் கால்நடை மருத்துவனாக இருக்கிறேன். மான் பண்ணைகளுக்கும் போய் வருவதுண்டு. வெளிமாநில மான் கடத்தல், வேலி போட்ட வேட்டைப் பண்ணைகள் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். துப்பாக்கி, தோட்டா, லைசென்ஸ் எல்லாம் என் துறை இல்லை.

ஹூஸ்டன்வாசி: டெக்ஸாஸில் ஏற்கெனவே லட்சக்கணக்கில் மான் இருக்கிறதே. அப்புறம் எதற்கு வெளிமாநிலத்திலிருந்து மானைக் கடத்துகிறார்கள்?

எல்லாம் கொம்புக்காகத்தான். ஒஹாயோ, இண்டியானா பக்கத்து வெள்ளைவால் மானுக்கு நம் பக்கத்து மானைவிட உடம்பும் பெரிது, கொம்பும் கனம். கொம்பின் நீளம், சுற்றளவு எல்லாவற்றையும் அளந்து கூட்டி 'இத்தனை அங்குலம்' என்று மதிப்பெண் போடுவார்கள். காட்டு மானின் சீரான கொம்பு 170 அங்குலம் எட்டினால் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் புத்தகத்தில் இடம் உண்டு. பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்த மான்களில் 400 அங்குலத்தைத் தாண்டுவதும் இருக்கிறது. அந்த ஆண் மானை வைத்துக் குட்டி எடுக்கலாம், குட்டியை விற்கலாம், கடைசியில் பெரிய கட்டணம் கட்டும் வேட்டைக்காரருக்குக் காட்டலாம். மூன்று இடத்தில் காசு.

வெளிமாநில மான்களுக்கு டெக்ஸாஸ் 2005-இல் கதவைச் சாத்தியது. கதவு சாத்தியதும் உள்ளே வரும் ஒவ்வொரு வடக்கத்தி மானுக்கும் மவுசு கூடிப்போனது.

கடத்தும் முறை ரொம்ப எளிது. மூடின டிரெய்லரில் இரவில் கொண்டுவருவார்கள். செத்துப்போன உள்ளூர் மான் ஒன்றின் காதுப் பட்டை எண்ணைப் புது மானுக்குச் சூட்டுவார்கள். கணக்கில் பழைய மான் உயிரோடிருக்கும், தொழுவத்தில் புது மான் நிற்கும். பட்டையே இல்லாமல் கைமாறும் மான்களும் உண்டு. பிற்பாடு குட்டிகளின் மரபணுச் சோதனையில் அப்பன் பெயர் பொருந்தாமல் மாட்டிக்கொள்வார்கள்.

2011-இல் கிழக்கு டெக்ஸாஸ் வளர்ப்பாளர் ஒருவர் பல ஆண்டுகளாக முப்பதுக்கும் மேற்பட்ட மான்களை இப்படிக் கொண்டுவந்ததை ஒப்புக்கொண்டார். 10 லட்சம் டாலர் அபராதம், மாநில வனவிலங்குத் துறைக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு, வீட்டுச் சிறை. மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்த, வாங்கிய விலங்கை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது மத்தியக் குற்றம் என்று 1900-இலேயே லேசி சட்டம் சொல்லிவிட்டது. இந்த வழக்கும் அதன் கீழ்தான் வந்தது.

கோவைப்பையன்: மாட்டை ஊர் விட்டு ஊர் விற்கிறோம். மானுக்கு மட்டும் என்ன தடை?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

குரோனிக் வேஸ்டிங் டிசீஸ், சுருக்கமாக சி.டபிள்யூ.டி. மான் மெலிந்து, எச்சில் வடித்து, தலை தொங்கிச் சாகும். 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் ஓர் ஆய்வு நிலையத்தில், அடைத்து வைத்த மியூல் மான்களில் (மேற்கு அமெரிக்க மான் இனம்) முதலில் கவனித்தார்கள். 1978-இல்தான் இது மூளையைச் சல்லடையாக்கும் நோய் என்று தெரிந்தது. பின்னால் மாடுகளில் வந்த 'மேட் கவ்' நோய்க்கு உறவு. வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பிரையான் எனும் கோணல் புரதம். எச்சில், மூத்திரம், புழுக்கை மூலம் வெளியேறி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது.

நோய் தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரைக்கும் பார்க்க வாட்டசாட்டமாகவே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் அது விலைபோகிறது, டிரெய்லரில் ஏறுகிறது. உயிரோடிருக்கும் மானில் செய்யும் சோதனைகள் உண்டு, ஆனால் ஆரம்பக் கட்டத்தில் கோட்டை விடும். மூளைத்தண்டையும் தொண்டை நிணநீர்க் கணுவையும் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. அதற்கு மான் செத்திருக்க வேண்டும்.

இந்த நோய் நடந்து போன தூரத்தைவிட வண்டியில் போன தூரம் அதிகம். கனடாவின் சஸ்காச்சுவான் பண்ணைகளில் 1996-இல் வெளிப்பட்டது. மூலத்தைத் தேடிப்போனால், 1980களில் தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிய எல்க் மான்கள். கனடாவிலிருந்து கொம்பு மருந்துத் தொழிலுக்காகத் தென்கொரியா எல்க் இறக்குமதி செய்தது. 2001-இல் அங்கேயும் நோய். பசிபிக் பெருங்கடலை எந்த மானும் நீந்திக் கடக்கவில்லை. டெக்ஸாஸில் 2012-இல் மேற்கு மலைகளின் காட்டு மியூல் மானில் முதலில் கண்டார்கள், 2015-இல் மெடினா கவுண்டியில் ஒரு வளர்ப்புப் பண்ணை வெள்ளைவால் மானில். அந்தப் பண்ணையிலிருந்து எங்கெங்கே மான் போயிற்று என்று தேடிய அதிகாரிகளின் வேலை ஒரு மாதத்தில் முடிகிற வேலையாக இருக்கவில்லை. இத்தனைக்கும் அது முறையாகக் கணக்கு எழுதிய வியாபாரம். கடத்தல் மானுக்குப் பின்னால் போக எந்தத் தாளும் கிடையாது.

ஃப்ரிஸ்கோ_அண்ணாச்சி: மான் கறி சாப்பிடலாமா?

இதுவரை மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. சோதனையில் நோய் உண்டு என்று வந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். சோதனை முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். வேகவைத்தால் பிரையான் சாகாது.

புதுவேட்டைக்காரன்: அதான் 8 அடி வேலி இருக்கிறதே, நோய் எப்படி வெளியே போகும்?

வேலிக்கு இரு பக்கமும் மான் நின்று மூக்கோடு மூக்கு உரசும். மழைத் தண்ணீர் கம்பி இடுக்கில் ஓடும். மரம் விழுந்து வேலி சாயும், பன்றி அடியில் தோண்டும். நான் பார்த்தவரை ஓட்டை இல்லாத வேலி கிடையாது.

டெண்டன்_தம்பி: நல்லா வேகவெச்சா கறி சாப்பிடலாம்தானே சார்?

இரண்டு பதில் மேலே போய்ப் படியுங்கள்.

வாசகி, ஆஸ்டின்: நோயை விடுங்கள். வேலிக்குள் விட்டுச் சுடுவது வேட்டையா? மனசுக்கு ஒப்பவில்லை.

எனக்கும் பல பண்ணைகளில் ஒப்பவில்லை. ஆனால் 'வேலி' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. இருபதாயிரம் ஏக்கர் வேலிக்குள் பிறந்து வளர்ந்த மானை நாள் முழுக்கத் தேடியும் காணாமல் திரும்பியவர்கள் உண்டு. இருநூறு ஏக்கரில், போன மாதம்வரை கையில் தீனி வாங்கித் தின்ற மானை, பட்டியலில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சுடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் மானுக்குத் தப்பிக்க வழியே இல்லை. அதை வேட்டை என்று விளம்பரம் செய்வது ஏமாற்று.

1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், கட்டற்றுத் திரியும் விலங்கை மட்டுமே கணக்கில் சேர்க்கும். மொன்டானா மக்கள் 2000-இல் வாக்களித்துப் புதுப் பண்ணைகளையும், பணம் வாங்கிக்கொண்டு அடைப்பு மானைச் சுடவிடுவதையும் தடை செய்தார்கள். அங்கே தடைக்காக நின்றவர்களில் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர்.

பண்ணை_மேனேஜர்: ஐயா, நான் ஒரு வேலிப் பண்ணையில்தான் வேலை பார்க்கிறேன். வேலி இல்லாத இடத்தில் டைமர் வைத்த தொட்டியிலிருந்து மக்காச்சோளம் கொட்டி, மான் தின்ன வரும்போது சுடுகிறார்களே, அது மட்டும் நியாயமா? எங்களைப் போன்ற பண்ணைகள் இல்லையென்றால் ஓரிக்ஸ் இனமே அழிந்திருக்கும், தெரியுமா?

தெரியும். சோளத் தொட்டி விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். டெக்ஸாஸில் சட்டம் அனுமதிக்கிறது என்பதால் அது துரத்தி வேட்டையாடுவது ஆகிவிடாது. போதாக்குறைக்கு ஊர் மான்களை எல்லாம் ஒரே தொட்டியில் வாய் வைக்கச் செய்கிறது.

ஓரிக்ஸ் கதையும் உண்மை. நீங்கள் சொல்வது ஆப்பிரிக்காவின் வளைகொம்பு ஓரிக்ஸ். 2000-இல் காட்டில் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். டெக்ஸாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தது. 2016-இலிருந்து சாட் நாட்டில் மறுபடி விட்டார்கள், 2023-இல் அதன் ஆபத்து நிலையைக் குறைத்தார்கள். ஆனால் சாட் நாட்டுக்குப் போனவை அபுதாபியில் திரட்டிய மந்தையிலிருந்து. அமெரிக்க விலங்குகளின் பங்கும் அதில் உண்டு, அவ்வளவுதான். அப்புறம், ஓரிக்ஸ் மான் குடும்பமே இல்லை, மாட்டுக் குடும்பம். அழியும் நிலையில் இல்லாத வெள்ளைவால் மானை ஒஹாயோவிலிருந்து திருட்டுத்தனமாக ஏற்றி வருவதற்கு ஓரிக்ஸை எப்படிச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்?

பண்ணை_மேனேஜர்: நாங்கள் கடத்தவில்லையே. யாரோ நாலு பேர் செய்ததற்கு அரசு வந்து எங்கள் மானைக் கொல்கிறது. எங்கள் காசு, எங்கள் தீவனம், எங்கள் மான்.

காசும் தீவனமும் உங்களுடையது. மான் உங்களுடையது இல்லை. டெக்ஸாஸ் சட்டப்படி வெள்ளைவால் மான் மாநில மக்களின் சொத்து. வளர்ப்பு உரிமம் இருந்தாலும் அப்படித்தான் என்று ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. மிசூரியிலும் 2014-இல் மானைக் கால்நடைக் கணக்கில் சேர்க்க ஒரு மசோதா வந்தது. ஆளுநர் ஜே நிக்சன் ரத்து செய்தார். அந்த ரத்தை உடைக்கக் கீழவையில் ஒரே ஒரு ஓட்டு குறைந்தது.

டெக்ஸாஸின் டெர்ரல் அருகே 2024 மே மாதம் இந்த நோய் கண்ட ஒரு பண்ணையில் ஏறக்குறைய 250 மான்களை அரசு கொன்றது. மனசு வலிக்கிற காரியம்தான். முதலாளி வருஷக்கணக்கில் கோர்ட்டில் போராடினார். அந்த இடைப்பட்ட காலத்தில் உள்ளே நோய் பரவிக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சைவம்_மட்டும்: வேலிக்குள் சுட்டாலும் வெளியே சுட்டாலும் மானுக்கு ஒன்றுதான். என்ன பெரிய நியாயம் பேசுகிறீர்கள் இரண்டு பேரும்?

மானுக்கு ஒன்றாக இருக்கலாம். அடுத்த காட்டு மானுக்கு ஒன்றில்லை. டிரெய்லரில் ஏறாத மான் தன் நோயைத் தன் வட்டாரத்துக்குள்தான் பரப்பும்.

பண்ணை_மேனேஜர்: அப்படியானால் எங்களை விட்டுவிட்டு டிரெய்லரைப் பிடியுங்கள்!

அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் நீங்களும் சொல்லுங்கள்.

மவுயி_மகேஷ்: ஹவாயில் நம்ம ஊர்ப் புள்ளிமான் திரிகிறதே, அதுவும் கடத்தலா?

முதலில் வந்தது பரிசாக. 1860களின் கடைசியில் ஹாங்காங்கிலிருந்து ஐந்தாம் கமேஹமேஹா மன்னருக்கு அனுப்பி, மொலொக்காய் தீவில் விட்டார்கள். 1959-இல் மவுயிக்கு வந்தது. ஹவாய்ப் பெரிய தீவுக்குப் போனதுதான் திருட்டு. 2009-இல் மவுயியிலிருந்து நாலு மான்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, பதிலுக்கு அங்கிருந்து காட்டுச் செம்மறி ஆடுகளை வாங்கி வந்தார்கள், எல்லாம் வேட்டைக்காக. 2012-இல் வழக்கு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் ஹவாய்ச் சட்டத்தில் மானைத் தீவு விட்டுத் தீவு கொண்டுபோவதற்குத் தடையே இல்லை. ஆட்டைக் கடத்தியதை வைத்துத்தான் மாட்டினார்கள். பிறகுதான் சட்டம் போட்டார்கள்.

வேதாரண்யத்தான்: கோடியக்கரை வெளிமான் டெக்ஸாஸில் இருப்பது நிஜமா?

நிஜம். 1930களில் கொண்டுவந்தார்கள். அங்கே சுட்டால் ஜெயில், இங்கே வருஷம் முழுக்கச் சுடலாம், கால்நடைக் கணக்கு. தமிழ்நாட்டில் இப்படிப் பண்ணை தொடங்க முடியுமா என்று கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து: முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்தைப் படியுங்கள்.

பேர்வேண்டாம்: மான் கறி ஊறுகாய் போட்டால்...

அடுத்த கேள்வி.

கேட்டி_குமார்: கொலராடோவில் சுட்ட மானை முழுசாக வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. மூளையையும் தண்டுவடத்தையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றம். எலும்பு நீக்கிய கறி, சதை துளி இல்லாமல் சுத்தம் செய்த மண்டையோட்டுக் கொம்பு, பதப்படுத்திய தோல், இவ்வளவுதான். மிச்சத்தைச் சுட்ட இடத்திலேயே விதிப்படி புதைக்கவோ குப்பைக் கிடங்கில் சேர்க்கவோ செய்யுங்கள். கத்தியைக் கழுவி, நாலு பங்கு பிளீச்சுக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் ஊற வையுங்கள்.

சுகர்லேண்ட்_மாப்பிள்ளை: மாமனார் வேலிப் பண்ணையில் வேட்டைக்கு முன்பணம் கட்டிவிட்டார். எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

எத்தனை ஏக்கர், மான் எப்போது உள்ளே விடப்பட்டது, எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். மான்களின் சோதனைக் கணக்கையும் இடமாற்றப் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். பெயரோடும் எண்ணோடும் தாள் வந்தால் சரி. 'அதெல்லாம் எதுக்கு சார், கொம்பைப் பாருங்க' என்றால் முன்பணம் போனால் போகட்டும்.