கத்தியைப் பரணில் போட்ட அம்மா

கேள்வி: எனக்கு வயது 28. குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. காய் நறுக்கும்போது, 'இந்தக் கத்தியால் குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்று திடீரென ஒரு நினைப்பு வருகிறது. உடம்பெல்லாம் நடுங்கிவிடுகிறது. கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் பரணில் போட்டுவிட்டேன். குழந்தையைத் தனியாகத் தூக்கவே பயம். உள்ளுக்குள் நான் கொலைகாரிதானா? கணவரிடமும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, இல்லை. இந்த நினைப்பு வந்ததை வைத்து உங்களைக் கொலைகாரி என்று யாரும் சொல்ல முடியாது. இந்த 'இல்லை'யை ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். நாளை நீங்கள் மறுபடி கேட்டால் சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை போலத் தெரிகிறது. நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ஓசிடி என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் உங்களைப் போன்ற தாய்மார்கள் வருடக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை.

இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயே இல்லாத பெரும்பாலானவர்களுக்கும் இப்படிப்பட்ட விபரீத எண்ணங்கள் வருகின்றன என்று அதில் தெரிந்தது. அவர்கள் 'சே, என்ன கண்றாவி நினைப்பு' என்று தள்ளிவிட்டுக் காயை நறுக்குகிறார்கள். நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'இப்படி நினைக்கிற நான் எப்படிப்பட்டவள்?' என்று கேட்டீர்கள். நோய் பிடித்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

ஒருவர் எதை உயிராக நினைக்கிறாரோ, அங்கேதான் இது கை வைக்கும். பக்தி உள்ளவருக்குச் சாமி படத்தின் முன்னால் கெட்ட வார்த்தை தோன்றும். பிள்ளையை உயிராக நினைப்பவளுக்குக் கத்தி தோன்றும். நாம் எப்படி ஆகிவிடக் கூடாது என்று அஞ்சுகிறோமோ அந்த உருவத்தை, 'இதுதான் நீ' என்று காட்டும். இதே நோய்க் குடும்பத்தில் இன்னொன்று உண்டு. ஊரில் யார் கண்ணிலும் படாத மூக்குக் கோணல், கண்ணாடி பார்ப்பவருக்கு மட்டும் மலைபோலத் தெரியும். அங்கே நோய் குறை காட்டுவது உடம்பில், உங்களுக்கோ உங்கள் குணத்தில்.

சரி, பரணில் போட்ட கத்திக்கு வருகிறேன். அது குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். உண்மையில், 'நான் ஆபத்தானவள், அதனால்தான் ஒளித்து வைத்தேன்' என்று தினமும் உங்களுக்கே சாட்சி சொல்கிறது. 'நான் நல்லவள்தானே?' என்று அடுத்தவரிடம் கேட்பதும் அப்படித்தான். பதில் கிடைத்ததும் நிம்மதி, கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம். நான் இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன் என்றது இதனால்தான்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயப்படும் சூழலைச் சிறிது சிறிதாகச் சந்தித்து, ஒளிக்காமல், உறுதி கேட்காமல் இருக்கப் பழக்குவார்கள். லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்யுங்கள், தனியாக வேண்டாம். மாத்திரையும் தேவைப்படலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற மருந்தாகத் தருவார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த நினைப்பு சரி என்றே தோன்றினால், யாரோ காதில் கட்டளையிடுவது போலக் கேட்டால், தூக்கமே இல்லாமல் படபடவென்று இருந்தால், அது வேறு நோய். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அப்புறம், இன்று இரவே கணவரிடம் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.