பாட்டி ஸ்மித்தும் பின் வரிசையும் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

போன மாதக் கட்டுரையில் போகிற போக்கில் 'பாட்டி ஸ்மித் குரல் மாதிரி' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யாரென்று தேடி, அமெரிக்க ராக் பாடகி என்று தெரிந்துகொண்டு, அவருடைய 'ஹார்ஸஸ்' ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பாதி இடத்தில் பேசுகிறார், மீதி இடத்தில் கத்துகிறார். சுருதி அங்கங்கே விலகுகிறது. முதல் வரியே 'இயேசு யாரோ ஒருவரின் பாவத்துக்காக இறந்தார், என் பாவத்துக்காக இல்லை' என்று ஒரு மாதிரி. அப்புறம் பார்த்தால் நாலு ஆல்பம் போட்டு, பேர் வந்த நேரத்தில் கல்யாணம் செய்துகொண்டு வீட்டோடு போய்விட்டார். இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

நான் மாதா கோயில் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடியவள். கட்டைக் குரல் என்று பின் வரிசையில் நிறுத்தி, 'நீ மெதுவா பாடும்மா' என்பார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள். பாடி ஆறு வருடம் ஆகிறது. அதற்காகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது எனக்கு இரண்டு மூன்று கேசட் கொண்டுவருவார். 'ஹார்ஸஸ்' அப்படித்தான் வந்தது. அட்டையில் வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கறுப்புக் கோட்டு, கலைந்த முடி. நண்பர் ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த புகைப்படம். அம்மா பார்த்துவிட்டு, "இது ஆம்பளையா பொம்பளையாடா?" என்றார். பெயர் பாட்டி என்றதும் அவருக்கு இன்னும் குழப்பம். (1946இல் பிறந்தவர், இப்போது அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.) பாட்டு எனக்கும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உங்கள் ஏமாற்றத்தில் குற்றம் காண மாட்டேன்.

நீங்கள் தொடங்கிய இடம்தான் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. 'ஹார்ஸஸ்' வந்தது 1975இல். அதற்கு முந்தைய வருடம், மேப்பிள்தார்ப் கொடுத்த பணத்தில் பாட்டி ஸ்மித்தே ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார். அதன் ஒரு பக்கத்தில் 'பிஸ் ஃபாக்டரி' என்ற பாட்டு. நியூ ஜெர்சியில் பதினாறு வயதில் ஒரு தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த கதை. பீஸ் ரேட் வேலை, எத்தனை உருப்படி முடிக்கிறோமோ அதற்குத்தான் கூலி. இந்தப் பெண் துறுதுறுவென்று வேகமாகச் செய்கிறாள். கூட வேலை செய்யும் பெரிய பெண்களுக்குக் கோபம் வருகிறது. நீ இப்படி ஓடினால் எங்கள் கணக்கு கெடும், மெதுவாகச் செய் என்று மிரட்டுகிறார்கள்.

வண்ணாரப்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை. "புதுசா வர்ற பொண்ணு வேகமா தெச்சா சூப்பர்வைசர் எல்லாருக்கும் டார்கெட் ஏத்திடுவான். அந்தப் பொம்பளைங்க சொன்னதுல என்னடா தப்பு?" என்றாள். அக்கா சொன்னதும் சரிதான். பாட்டில் அந்தப் பெண்களும் பாவமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுக்காரிக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பியானோ பின்னால் ஓட, அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறாள். ராகமாக இழுத்தால் அந்தப் பாட்டே செத்துவிடும்.

உங்களையும் 'மெதுவா' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

அவர் பாடகியாக வந்தவர் இல்லை, கவிதை வாசிக்க வந்தவர். 1971 பிப்ரவரியில் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசித்தபோது லென்னி கேயை கிட்டாரோடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எல்லாம் அங்கே ஆரம்பித்தது. நம் பக்கத்தில் சாவு வீட்டில் இரவெல்லாம் கானா பாடுகிறவரிடம் யாரும் சுருதிப் பெட்டி கேட்பதில்லை. அங்கே ஆள் பாடுகிறார், குரல் கூடவே வருகிறது. பாட்டி ஸ்மித்தையும் அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். அந்தக் கானாவிலும் பெண்களுக்கு இடமில்லாமல்தான் இருந்தது. 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவின் மேடையில் கானா பாடகி இசைவாணி வந்து நின்றபோது, எனக்கு அந்தக் கேசட் அட்டைதான் ஞாபகம் வந்தது.

இயேசு விஷயம்: யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். என் பாவத்துக்கு நானே பொறுப்பு என்பதுதான் அந்த வரி என்று பிற்பாடு விளக்கியிருக்கிறார். 2014இல் வாத்திகன் கிறிஸ்துமஸ் கச்சேரிக்கே அவரை அழைத்தார்கள். அதனால் உங்கள் ஃபாதரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

'ஹார்ஸஸ்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 47ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் கேட்ட பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் பதினைந்து வயதில் கேட்டாராம். கை கால்களைப் பிய்த்து வேறு வரிசையில் மாட்டியது போல இருந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் பாட்டி ஸ்மித்தைப் போலப் பாடுகிறவர் இல்லை. தன் குரலில் பாடலாம் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தெரிந்த 'பிகாஸ் த நைட்' (1978) பாட்டுக்கு மெட்டு ராக் பாடகர் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனுடையது. டெட்ராய்ட்டிலிருந்து காதலரின் போன் வரக் காத்திருந்த இரவில் சரணங்களை இவர் எழுதினார்.

அந்தக் காதலர் ஃபிரெட் ஸ்மித்தைத்தான் 1980இல் கட்டிக்கொண்டார். 'வீட்டோடு போய்விட்டார்' என்று நீங்கள் எழுதியது இதைத்தான். எனக்கும் நெடுநாள் அதில் வருத்தம் உண்டு. 1979இல் ஃப்ளாரன்ஸில் ஸ்டேடியம் நிறைந்த கூட்டத்துக்குப் பாடிவிட்டு, மிச்சிகனில் போய்ப் பாத்திரம் கழுவுவதா? ஆனால் அவர் சொல்லும் கணக்கு வேறு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகள் எழும் எட்டு மணிவரை தினமும் எழுதியிருக்கிறார். ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது ஃபிரெட் வந்து, மக்களிடம்தான் சக்தி இருக்கிறது, இதை எழுது என்றாராம். எரிச்சலோடுதான் ஆரம்பித்தாராம். 1988இல் வந்த 'பீப்பிள் ஹேவ் த பவர்' அப்படிப் பிறந்த பாட்டு. 1994இல் ஃபிரெட்டும் அடுத்த மாதமே தம்பியும் இறந்துபோக, பிள்ளைகளோடு மறுபடி மேடைக்கு வந்தார். 2010இல் வெளியான 'ஜஸ்ட் கிட்ஸ்' என்ற நினைவுக்குறிப்பு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கியது. அந்த மாதிரி உரைநடை, காலை ஐந்து மணிப் பழக்கம் இல்லாமல் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

2016 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பாடகர் பாப் டிலனுக்கு நோபல் பரிசு கொடுத்த விழாவில் டிலனின் பாட்டைப் பாடும்போது நடுவில் வரி தடுமாறி நின்றுவிட்டார். அப்போது வயது 69. பதட்டமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று அரசர் முன்னால் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மறுபடி பாடினார். வீடியோ கிடைக்கிறது, பாருங்கள்.

'ஹார்ஸஸ்' அப்புறம் இருக்கட்டும். முதலில் அந்தத் தொழிற்சாலைப் பாட்டைக் கேளுங்கள். ஐந்து நிமிடம்தான். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், வார்த்தைகள் பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள். கட்டைக் குரல் என்று சொன்னீர்களே, எத்தனை கட்டை என்றும்.