கிராம சபையில் சொல்லியும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவில்லையா?

வாயால் சொன்னது கணக்கில் வராதுங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கணும். ரெண்டு கிராம சபையில் எழுந்து பேசியும் மேல்நிலைத் தொட்டியைக் கழுவலைன்னா, பெரும்பாலும் காரணம் இதுதான்: வருகைப் பதிவில் முதலிலேயே கையெழுத்து வாங்கிடுவாங்க, தீர்மானத்தை அப்புறம் எழுதுவாங்க.

அக்டோபர் 2 கூட்டத்தில் கோரிக்கையை எழுத்தில் கொடுங்க. அதைத் தீர்மானமா எழுதி வாசிக்கிற வரைக்கும் இடத்தை விட்டு நகராதீங்க. தலையையும் எண்ணுங்க: கூட்டம் செல்லுபடியாக, 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேராவது வரணும். (எங்க ஊரில் பந்தலில் இருந்ததைவிட டீக்கடையில்தான் கூட்டம்.)

ஆனா தண்ணீர் நாறினா சபை வரை காத்திருக்க வேண்டாம். கடைசித் தெருக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கான்னு சோதிக்கச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளரிடம் உடனே கேளுங்க.