மழைக்காலத்தில் ரோபோ விரல்களில் ஓடும் நூலிழைகள்

முப்பரிமாண அச்சுப்பொறியின் நாசிலை (உருகிய இழை வெளிவரும் முனையை) மாற்றுவதற்கு முன், பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கின் இழைச்சுருளை 45 முதல் 50 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் உலர்த்துங்கள். கோடையில் சுத்தமாக அச்சான ரோபோ விரல்களுக்கிடையே ஐப்பசி மழைக்குப் பிறகே மெல்லிய பிளாஸ்டிக் நூல்கள் ஓடுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதால், திருவாரூர் ஆய்வகத்தில் திறந்தே கிடந்த சுருள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்றே கருதுகிறேன்.

நாசிலைச் சூடாக்கி, அச்சுத் தட்டிலிருந்து உயர்த்தி, காற்றிலேயே சிறிது இழையைத் தள்ளிப் பாருங்கள். கடுகு வெடிப்பதுபோல் படபடத்து, வெளிவரும் இழையில் நுண்குமிழிகள் தெரிந்தால் ஈரம்தான். சத்தமே இல்லையென்றால், அச்சு வெப்பத்தையும் இழையைப் பின்னிழுக்கும் அளவையும் சரிபார்க்க வேண்டும்.

பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வெப்பம் ஏறி இறங்கும் சமையலறை ஓவனில் வைத்தால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த சுருளைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.