அல்சைமர் ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

"பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அல்சைமர் வந்த மூளை எப்படி மாறுகிறது என்று கம்ப்யூட்டரில் கணிக்கப் போகிறாளாம். அது டாக்டர்கள் வேலை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

இதில் பெரும்பகுதி கணக்குதான். அல்சைமரில் மூளைச் செல்களில் முடிச்சாகத் திரளும் டௌ என்ற புரதம் கண்டபடி பரவுவதில்லை. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை ஒட்டி ஆரம்பித்து ஒரு வரிசையில் போகும். அதை 1991-இல் ஆராய்ச்சியாளர்களான பிராக் தம்பதி ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். நரம்பிணைப்புகள் வழியாக நோய் பரவுவதை, வெப்பம் பரவும் சமன்பாட்டைப் போன்ற ஒன்றால் 2012-இல் ஆராய்ச்சியாளர் அஷீஷ் ராஜ் குழுவினர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அந்தக் கட்டுரையைப் புரிந்துகொள்ள மேட்ரிக்ஸ், ஐகன்வேல்யூ, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வேண்டும். மகள் அந்தத் தாள்களில் எப்படி எழுதினாள் என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டு எம்.எஸ்.ஸுக்குக் கடன் வாங்குமுன் ஆறு மாதம் ஒரு சிறு வேலை செய்து பார்க்கட்டும். ஓயாசிஸ்-1 என்ற எம்.ஆர்.ஐ. தொகுப்பு ஆராய்ச்சிக்கு இலவசம். 18 முதல் 96 வயது வரை 416 பேர். அந்தப் படங்களில் மூளைப் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளும் இலவசமே. ஆனால் ஒரு ஸ்கேனுக்கே பல மணி நேரம் எடுக்கும், அதனால் இருபது ஸ்கேனில் தொடங்கினால் போதும். மண்டையோட்டை நீக்கும் கட்டத்தில் மூளை உறையின் துண்டு ஒட்டிக்கொண்டால் மூளையின் வெளி அடுக்கான புறணி தடிமனாகத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இந்த நோயில் சுருங்கும் ஹிப்போகாம்பஸின் அளவை மண்டையின் உட்கொள்ளளவோடு ஒப்பிடாவிட்டால், சிறிய தலை உள்ளவர் நோயாளியாகத் தெரிவார்.

மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணி வேறு. இந்தத் தொகுப்பில் மறதிநோய் உள்ளவர்கள் எல்லாரும் 60 வயது தாண்டியவர்கள். இளையவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால், படத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல் நோயை விட்டுவிட்டு வயதைக் கற்றுக்கொள்ளும். ஒரே ஆளின் படத்துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தாலும் 98 சதவீதத் துல்லியம் என்று காட்டும். கல்லூரி ப்ராஜெக்ட்களில் இது சர்வசாதாரணம். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். இதை அவளாகவே கண்டுபிடித்தால் இந்தத் துறைக்கு ஏற்றவள் என்று நம்பலாம்.

பிறகு கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.எஸ்.சி. அல்லது ஐ.ஐ.டி.யில் பி.எச்டி.க்கு முயலலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஐந்து வருடமாவது ஆகும், கல்யாணப் பேச்சை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். பி.எச்டி. பிடிக்காவிட்டாலும், ஸ்கேன் படங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் பெங்களூரில் இருக்கின்றன. அங்கே இதே பயிற்சியைத்தான் கேட்பார்கள்.