தடித்த இடத்தில் இன்சுலின்: அளவைக் கூட்டலாமா?

கேள்வி: வயது 56. இரண்டு ஆண்டுகளாகக் காலையும் இரவும் நானே இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தொப்புளுக்கு வலப்புறம் ஓரிடத்தில் போட்டால் வலிப்பதில்லை என்பதால் அங்கேயே போட்டு வந்தேன். இப்போது அவ்விடம் தடித்துவிட்டது. சர்க்கரை ஒருநாள் 90, மறுநாள் 280. மருந்துக்கடைக்காரர் சில யூனிட் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். ஒரே இடத்தில் நாள்தோறும் இன்சுலின் இறங்கினால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு வீங்கித் தடிக்கும். தடித்த இடத்தில் குத்துவது உறைக்காது என்பதால் கை மறுபடியும் அங்கேதான் போகும். அதற்குள் போன மருந்து சில நாள் தேங்கி நின்றுவிடும், சில நாள் சட்டென்று இரத்தத்தில் கலந்துவிடும். உங்கள் சர்க்கரை இப்படித் தாவுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இது புற்றுநோயன்று, ஊசி படாமல் விட்டால் சில மாதங்களில் மெல்ல இளகும்.

குளிக்கும்போது சோப்பு நுரை தடவிய விரல் நுனிகளால் வயிறு முழுவதையும் வழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் விரலுக்கு அகப்படும். அவற்றைப் பேனாவால் வட்டமிட்டு ஒதுக்கிவிட்டு, வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதியாக வைத்துக்கொண்டு, முந்தைய ஊசிக்கு ஒரு விரற்கடை தள்ளி அடுத்ததைப் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டுவிடுங்கள். தொடையின் வெளிப்புறமும் ஆகும்.

ஆனால் நாளைக்கே இடத்தை மாற்றிவிடாதீர்கள். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நீங்கள் 30 யூனிட் போடுபவர் என்றால், தடிப்புக்குள் போன அந்த 30-இல் ஒரு பகுதிதான் இதுவரை வேலை செய்திருக்கும். அதே அளவை நல்ல தோலில் போட்டால் முழுவதும் வேலை செய்து, சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே இடம் மாற்றும்போது அளவை வழக்கமாகக் குறைக்கவே வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் இங்கிருந்து எழுத முடியாது, கடைக்காரர் வாயைத் திறக்கவே கூடாது. மாற்றிய முதல் சில வாரங்கள் ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் படுக்கும் முன்பும் சோதித்துப் பாருங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றி அளவு 70-க்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

கடைக்காரர் என்றதும் இன்னொன்று. குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டதும் 100 யூனிட் கொண்டதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்ச். பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கையில் கிடைத்ததைக் கொடுத்தனுப்பும் கடைகள் ஏராளம். 40 குப்பி மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான். 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். பின்னது ஆளையே வீழ்த்திவிடும். ஒரே மருந்தை இரண்டு செறிவில் விற்கவிட்டு, பொடி எழுத்தைப் படிக்கும் பொறுப்பை மட்டும் பார்வை மங்கிய நோயாளியின் தலையில் கட்டியிருப்பது என்ன ஏற்பாடோ! வாங்கும்போதே குப்பியிலுள்ள எண்ணும் சிரிஞ்சிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் பொடி விற்க வருபவரிடம் பேச்சே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் புதிய ஊசியையே பயன்படுத்துங்கள். மழுங்கிய ஊசியும் தடிப்பை வளர்க்கும்.

இரண்டு ஆண்டுகளாகச் சோதனைத் தாளைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இம்முறை அவர் கேட்காவிட்டாலும் சட்டையை உயர்த்தி, வட்டமிட்ட இடத்தைக் காட்டிவிட்டே அளவைக் கேளுங்கள்.